முகப்புப் பக்கம் இல்லாத மூன்று நூல்கள்: இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட்டின் வாழ்வும் அவர் விட்டுச்சென்றதும்



2023 மே 6ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மன்னர் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா நடந்தது. நம்மில் பலர் அதை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அந்த விழாவில் வாத்தியம் எதுவும் இல்லாமல், நான்கு வகைக் குரல்கள் மட்டும் பின்னிப் பின்னிப் பாடிய ஒரு லத்தீன் பாடல் ஒலித்தது. அது வில்லியம் பேர்ட் என்பவர் நான்கு குரல்களுக்காக அமைத்த திருப்பலி இசையின் ஒரு பகுதி.

கேட்க இனிமையாக இருந்தது, அதோடு விட்டிருப்பேன். பிறகு அந்தப் பாடலின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. ஏறக்குறைய 1592-93இல் இந்த இசை முதன்முதலில் அச்சானபோது நூலுக்கு முகப்புப் பக்கமே கிடையாது. அச்சிட்டவர் பெயர் இல்லை. ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. ஏன்? அந்தப் பாடல் எந்த வழிபாட்டுக்கு உரியதோ, அந்த வழிபாடு அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம்.

அரசு தடை செய்த வழிபாட்டுக்கு இசை எழுதியவர் யார்? அரசியின் சொந்த வழிபாட்டுக் கூடத்தில் சம்பளம் வாங்கிய இசைக்கலைஞர்! இதை வகுப்பில் சொன்னபோது படிவம் ஐந்து மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்படின்னா அவர் ராணிக்கு விசுவாசமானவரா, துரோகியா ஐயா?"

நல்ல கேள்வி. ஆனால், "இதுவா, அதுவா" என்று கேட்டால் வரலாறு சில நேரம் பதில் சொல்லாது. ஏன் என்று பேர்ட்டின் வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

பின்னணி: இருபது வயதுக்குள் மூன்று மாற்றங்கள்

பேர்ட் பிறந்த நாள் எங்கும் பதிவாகவில்லை. 1598 அக்டோபரில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் அவர் தமக்கு ஏறக்குறைய 58 வயது என்று சொல்கிறார். அதை வைத்து 1540ஐ ஒட்டிப் பிறந்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள்.

அவர் பிறந்தபோது அரசர் எட்டாம் ஹென்றி. 1534இலேயே ஹென்றி போப்பாண்டவரின் அதிகாரத்தை உதறிவிட்டுத் தம்மைத் திருச்சபையின் தலைவராக அறிவித்துக்கொண்டார். ஆனாலும் கோவில்களில் லத்தீன் திருப்பலி தொடர்ந்தது. அடுத்து வந்த ஆறாம் எட்வர்டு காலத்தில், 1549இல், ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமானது. 1553இல் அரியணை ஏறிய மேரி மீண்டும் கத்தோலிக்க வழிபாட்டையும் லத்தீனையும் கொண்டுவந்தார். 1558இல் மேரி இறந்து முதலாம் எலிசபெத் வந்தார்; அடுத்த ஆண்டே மறுபடியும் ஆங்கில வழிபாடு.

கவனியுங்கள். இருபது வயதை எட்டுவதற்குள் ஓர் இளைஞர் நாட்டின் வழிபாடு மூன்று முறை தலைகீழாக மாறுவதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இசைக்கலைஞர்களின் வேலையும் மாறியது. நேற்றுவரை பாடிய பாடலை இன்று பாடக்கூடாது. பேர்ட்டின் ஆசிரியராகக் கருதப்படும் தாமஸ் டாலிஸ் இந்த நான்கு ஆட்சியாளர்களுக்கும் பணி செய்தவர். ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி இசை எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். வளைந்து கொடுப்பது எப்படி என்று காட்டும் உதாரணம் பேர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

லிங்கனிலிருந்து அரண்மனைக்கு

1563இல் லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகர் சிறுவர்களின் ஆசிரியராகவும் பேர்ட் வேலைக்குச் சேர்ந்தார். 1568இல் ஜூலியானா பிர்லி என்பவரை மணந்தார். லிங்கனில் எல்லாம் சுமுகமாக இல்லை. 1569 நவம்பரில் பேராலய நிர்வாகம் அவருடைய ஊதியத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு, வழிபாட்டில் ஆர்கனை எப்போது, எவ்வளவு வாசிக்கலாம் என்று விதி எழுதியது. கோவிலில் இசை அதிகமானால் பக்தி குறையும் என்று நினைத்த தீவிரச் சீர்திருத்தவாதிகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது.

1572 பிப்ரவரியில் அவருக்குப் பெரிய கதவு திறந்தது. அரச வழிபாட்டு இசைக்குழுவான சாப்பல் ராயலில் உறுப்பினரானார். அங்கே டாலிஸும் இருந்தார். நாட்டின் மிகச் சிறந்த பாடகர்கள் அங்குதான் கூடியிருந்தார்கள். எலிசபெத் சீர்திருத்தத் திருச்சபையின் தலைவி என்றாலும் நல்ல இசையை விரும்பியவர், தாமே இசைக்கருவி வாசித்தவர். தம் கூடத்தில் லத்தீன் பாடலைக் கேட்பதற்கும் அவர் தயங்கவில்லை.

1575இல் அரசி டாலிஸுக்கும் பேர்ட்டுக்கும் சேர்த்து ஓர் உரிமம் வழங்கினார். 21 ஆண்டுகளுக்கு நாட்டில் இசை நூல்களை அச்சிடவும், இசை எழுதுவதற்கான கோடிட்ட தாளை அச்சிட்டு விற்கவும் அவர்களுக்கே தனியுரிமை. நன்றிக் கடனாக அதே ஆண்டில் இருவரும் ஒரு லத்தீன் பாடல் தொகுப்பை வெளியிட்டு அரசிக்குக் காணிக்கையாக்கினார்கள். டாலிஸ் 17, பேர்ட் 17, மொத்தம் 34 பாடல்கள். அது எலிசபெத் ஆட்சியின் 17ஆம் ஆண்டு. அந்த எண் தற்செயலாக வந்திருக்காது, இல்லீங்களா?

நூல் விற்கவில்லை. நட்டம் தாங்காமல் 1577இல் இருவரும் அரசியிடம் உதவி கேட்டு விண்ணப்பித்தார்கள். அரசி நிலக் குத்தகை வருமானம் தந்து உதவினார். இதுவரை பார்த்தால் பேர்ட் அரசியின் தயவில் வளர்ந்த, நன்றியுள்ள ஊழியர். அவ்வளவுதான்.

நெருக்கடி தொடங்குகிறது

1570இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆணை வெளியிட்டார். இதன் விளைவு என்ன? அதற்கு முன்னர் கத்தோலிக்கராக இருப்பது சமயக் கருத்து வேறுபாடு. அதன் பிறகு அது அரசியல் சந்தேகம்.

சட்டங்கள் இறுகின. 1559 சட்டப்படி ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவருக்கு ஒரு ஷில்லிங் தண்டம். 1581 சட்டம் அதை மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்த்தியது. அரச இசைக்குழு உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் அப்போது 30 பவுண்டு. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மாதத் தண்டமே எட்டு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

பேர்ட்டின் மனைவி ஜூலியானா 1577 முதல் வழிபாட்டுக்கு வர மறுத்தவர்கள் பட்டியலில் இடம்பெறுகிறார். 1580களில் பேர்ட்டின் பெயரும் வழக்குகளில் வரத் தொடங்கியது.

1581 டிசம்பர் 1ஆம் தேதி இயேசு சபைக் குருவான எட்மண்ட் கேம்பியன் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அதைப் பார்த்த ஒருவர் இரங்கற்பா எழுதினார். அந்தக் கவிதை அடங்கிய நூலை வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் காதுகள் வெட்டப்பட்டன. அப்படிப்பட்ட கவிதைக்குத்தான் பேர்ட் இசையமைத்தார். 1588இல் அதைத் தம் ஆங்கிலப் பாடல் நூலிலும் சேர்த்தார். ஆனால் முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பதிலாக ஆபத்தில்லாத வரிகளைப் போட்டார். தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு அது வெறும் பாட்டு.

அதே 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை தோற்றது. வெற்றிக்கு நன்றி சொல்ல அரசியே எழுதியதாகச் சொல்லப்படும் பாடலுக்கு இசையமைத்தவர் யார்? அதுவும் பேர்ட்தான். கத்தோலிக்க ஸ்பெயினின் தோல்வியைக் கொண்டாடும் பாடலும், தூக்கிலிடப்பட்ட கத்தோலிக்கக் குருவுக்கான இரங்கற்பாவும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தன. "விசுவாசியா, துரோகியா" என்று ஒரே சொல்லில் பதில் எழுத முடியுமா?

கடல் தாண்டி வந்த பாடல்

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி. ஐரோப்பாவில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனை இசைத் தலைவராக இருந்தவர் பிலிப் டி மோன்டே. அவர் 1583இல் பேர்ட்டுக்கு எட்டுக் குரல் பாடல் ஒன்றை அனுப்பினார் என்றும், அடுத்த ஆண்டு பேர்ட் அதே அளவில் ஒரு பாடலைப் பதிலாக அனுப்பினார் என்றும் 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றிலுள்ள குறிப்பு சொல்கிறது.

இரண்டுக்கும் ஒரே மூலம். பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுததைச் சொல்லும் பழைய ஏற்பாட்டுச் சங்கீதம் அது. பேர்ட் தேர்ந்தெடுத்த பகுதி, அந்நிய மண்ணில் இறைவனின் பாடலை எப்படிப் பாடுவது என்று அவர்கள் கேட்கும் இடம். பேர்ட் அந்நிய மண்ணில் இல்லை, சொந்த நாட்டில்தான் இருந்தார். இருந்தும் அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தியது. 1589இலும் 1591இலும் அவர் வெளியிட்ட இரண்டு லத்தீன் தொகுப்புகளிலும் எருசலேமின் அழிவு, சிறைப்பட்ட மக்களின் புலம்பல், விடுதலைக்கான வேண்டுதல் ஆகிய பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் விவிலியச் சொற்கள். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்ட கத்தோலிக்கருக்கு அது யாருடைய கதை என்று விளங்கியிருக்கும்.

பெயர் உண்டு, முகப்பு இல்லை

1592இல் அரசியின் ஆணையால் பேர்ட் மீதான வழக்கு நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 1593இல் அவர் லண்டனை ஒட்டிய பகுதியை விட்டு எசெக்ஸ் மாவட்டத்தின் ஸ்டாண்டன் மாசி கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். சற்றுத் தொலைவில் இங்கேட்ஸ்டோனில் பீட்டர் என்ற கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம் இருந்தது. அந்த வட்டாரத்தின் பெரிய வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியத் திருப்பலி நடத்துவார்கள். குருமார்கள் மாறுவேடத்தில் வருவார்கள். பிடிபட்டால் குருவுக்கு மரணம். வீடு கொடுத்தவருக்கும் அதே ஆபத்து.

இந்தச் சூழலில் பிறந்தவைதான் மூன்று திருப்பலி இசை நூல்கள். நான்கு குரல்களுக்கு ஒன்று, மூன்று குரல்களுக்கு ஒன்று, ஐந்து குரல்களுக்கு ஒன்று. மேரி இறந்தபின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இசைக்கு வெளிப்படையான தேவையே இருந்ததில்லை. பேர்ட் எழுதியவை சுருக்கமானவை. பெரிய பாடகர் குழு தேவையில்லை. ஒரு குரலுக்கு ஒருவர் என்று மூன்று நான்கு பேர் வீட்டு அறையில் நின்று பாடிவிடலாம். நான்கு குரல் திருப்பலியின் கடைசிப் பகுதி இறைவனிடம் அமைதி கேட்கும் மன்றாட்டு. அங்கே குரல்கள் ஒன்றோடொன்று உரசி, உடனே இசையாமல், இழுத்து இழுத்துத்தான் அமைதிக்கு வந்து சேர்கின்றன. லத்தீன் தெரியாத எனக்கே அந்த ஏக்கம் புரிந்தது.

சரி, ஆண்டு போடாத நூலுக்கு ஆண்டு எப்படித் தெரிந்தது? வரலாற்று மாணவர்கள் இங்கேதான் கவனிக்கணும். 1966இல் பீட்டர் க்ளூலோ என்ற ஆய்வாளர் ஒரு வழி கண்டார். அச்சகத்தில் அலங்கார முதலெழுத்துகளை மரக்கட்டையில் செதுக்கி வைத்திருப்பார்கள். ஒரே கட்டையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும்போது அதில் தேய்மானமும் சிறு சேதங்களும் ஏற்படும். பேர்ட்டின் நூல்களில் உள்ள எழுத்துகளின் சேதத்தை, லண்டன் அச்சாளர் தாமஸ் ஈஸ்ட் ஆண்டு குறிப்பிட்டு வெளியிட்ட மற்ற நூல்களோடு அவர் ஒப்பிட்டார். அச்சிட்டவர் ஈஸ்ட் என்பதும், நூல்கள் ஏறத்தாழ 1592 முதல் 1595க்குள் வந்தவை என்பதும் தெளிவாயிற்று. மனிதர்கள் மறைத்ததை மரக்கட்டை சொல்லிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. முகப்புப் பக்கம் இல்லாத அந்த நூல்களின் பக்கங்களின் மேற்பகுதியில் பேர்ட்டின் பெயர் இருக்கிறது! அச்சாளர் மறைந்துகொண்டார், ஊரும் ஆண்டும் மறைக்கப்பட்டன. எழுதியவர் மட்டும் தம் பெயரை மறைக்கவில்லை. அரசியின் ஆதரவு தமக்கு உண்டு என்ற நம்பிக்கை ஒரு காரணமாக இருக்கலாம். அதே காலத்தையொட்டி ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டுக்காக அவர் 'பெரும் வழிபாட்டு இசை' என்ற மாபெரும் படைப்பையும் எழுதினார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒப்புக்கு எழுதிக் கொடுத்த வேலையாக அது தெரியவில்லை. முழு மனத்தோடு செய்திருக்கிறார்.

1605: தவறான நேரத்தில் வந்த நூல்

எலிசபெத் 1603இல் இறந்தார். முதலாம் ஜேம்ஸ் மன்னரானதும் கத்தோலிக்கருக்குச் சற்று நிம்மதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1605இல் பேர்ட் 'கிராடுவாலியா' என்ற தொகுப்பை வெளியிட்டார். ஆண்டின் கத்தோலிக்கத் திருவிழாக்களுக்கு உரிய பாடல்களின் வரிசை அது. 1607இல் இரண்டாம் பகுதி வந்தது. இரண்டிலும் சேர்த்து நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். இன்று உலகம் முழுவதும் பாடகர் குழுக்கள் பாடும் 'ஆவே வேரும் கோர்புஸ்' முதல் பகுதியில்தான் இருக்கிறது. இம்முறை முகப்பும் உண்டு, பெயரும் உண்டு.

முன்னுரையில் பேர்ட் தாம் இசையமைக்கும் முறையைச் சொல்கிறார். புனிதச் சொற்களின் பொருளை ஆழ்ந்து சிந்தித்தால் அவற்றுக்குப் பொருத்தமான ஸ்வரங்கள் தாமாகவே வந்து நிற்கும் என்பது அதன் சாரம்.

ஆனால் 1605 நவம்பர் 5ஆம் தேதி என்ன நடந்தது? நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சில கத்தோலிக்கர்கள் தீட்டிய திட்டம் பிடிபட்டது. நாடு முழுவதும் கோபம் கொதித்தது. பேர்ட்டுக்குத் தெரிந்தவரும் இயேசு சபையின் இங்கிலாந்துத் தலைவருமான ஹென்றி கார்னெட் 1606இல் தூக்கிலிடப்பட்டார். சார்ல்ஸ் டி லின்யி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் விடுதியில் கைது செய்யப்பட்டு நியூகேட் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரிடம் அகப்பட்டது பேர்ட்டின் இசை நூல்! நூலை வைத்திருந்தவருக்குச் சிறை. எழுதியவரோ அரச இசைக்குழுவின் பட்டியலில் தொடர்ந்து இருந்தார்.

இறுதிக்காலமும் மரபும்

பேர்ட் 1623 ஜூலை 4ஆம் தேதி, எண்பது வயதைத் தாண்டி இறந்தார். அரச இசைக்குழுவின் பதிவேடு அவரை 'இசையின் தந்தை' என்று குறித்தது. 1622 நவம்பரில் எழுதிய உயிலில், கத்தோலிக்கத் திருச்சபையின் உண்மையான உறுப்பினராகவே வாழ்ந்து இறக்க வேண்டும் என்று அவர் வேண்டியிருந்தார். இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் வாழ்வு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

அவர் புனித இசையோடு நிற்கவில்லை. விசைப்பலகைக் கருவிகளுக்கு நிறைய எழுதினார். 1591இல் பிரதி எடுத்து முடிக்கப்பட்ட நெவல் சீமாட்டியின் ஏட்டில் மட்டும் 42 படைப்புகள் உள்ளன. இங்கிலாந்தில் அச்சான முதல் விசைப்பலகை இசை நூலான 'பார்தீனியா'விலும் அவர் பங்கு உண்டு. ஆசிரியராகவும் பெயர் பெற்றார். அவருடைய மாணவர் தாமஸ் மார்லி 1597இல் எழுதிய இசைப் பாடநூலைத் தம் குருவுக்கே காணிக்கையாக்கினார். ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிட வேறென்ன வேணும்?

பேர்ட்டின் ஆங்கிலப் பாடல்கள் பேராலயங்களில் தொடர்ந்து ஒலித்தன. லத்தீன் படைப்புகள் பெரும்பாலும் அலமாரிகளில் தூங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ரிச்சர்ட் டெர்ரி அவற்றை மீண்டும் வழிபாட்டில் பாடவைத்தார். ஆங்கிலத் திருச்சபைக் குருவான எட்மண்ட் ஃபெலோஸ் பேர்ட்டின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். எந்த இரண்டு திருச்சபைகளுக்கு இடையே பேர்ட் வாழ்ந்தாரோ, அந்த இரண்டிலிருந்தும் ஆட்கள் வந்து அவரை மீட்டார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இந்தப் பகுதியிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆதாரத்தில் இல்லாததும் ஆதாரம்தான். முகப்புப் பக்கம் ஏன் இல்லை என்று கேட்டால் ஒரு காலத்தின் அச்சமே வெளியே வருகிறது. மூலத்தைப் படிக்கும்போது, "இதில் எது இல்லை? ஏன் இல்லை?" என்றும் கேட்டு எழுதுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் அதற்குப் புள்ளி உண்டு.

இரண்டு, காரணங்களை வரிசைப்படுத்துங்கள். 1570 ஆணை, 1581 சட்டம், 1605 சதி ஆகிய ஒவ்வொன்றும் பேர்ட்டின் வாழ்வில் எப்படிப் பாதிப்பை ஏற்படுத்தியது என்று இணைத்து எழுதினால் விடை கோவையாக வரும். ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்து கொட்டாதீர்கள்.

மூன்று, மனிதர்களை ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். அன்று வகுப்பில் கேட்ட மாணவி, விவாதம் முடிந்தபின் தன் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தாள்: அவர் ராணிக்கு உழைப்பைக் கொடுத்தார், மனச்சாட்சியைக் கொடுக்கவில்லை, ராணியும் அதைக் கேட்கவில்லை. கடைசிப் பகுதி முழுக்கச் சரியா என்று விவாதிக்கலாம். ஜூலியானா தண்டத்துக்கு உள்ளானாள், கேம்பியன் தூக்கிலேறினார், பிரெஞ்சுக்காரர் சிறைக்குப் போனார். திறமையும் செல்வாக்கும் உள்ள ஒருவருக்குக் கிடைத்த சலுகை மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஓரத்தில் குறித்தேன். முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

நேரம் கிடைத்தால் வகுப்பில் அந்த நான்கு குரல் திருப்பலியை ஐந்து நிமிடம் ஒலிக்கவிடுங்கள். சாத்திய கதவுக்குள் பாட எழுதப்பட்ட இசை அது. 430 ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத் திருச்சபையின் தலைவராகும் மன்னர் முன்னிலையில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க அது பாடப்பட்டது. முதலில் இந்தக் கதையைச் சொல்லாமல் கேட்கவிடுங்கள். பிறகு சொல்லுங்கள். மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று மாணவர்களே சொல்வார்கள்.